நனையக் கூடாத மணல்

பிள்ளைகளா, நேற்று சாயங்காலம் சின்னவள் வாசல்படியில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சோடியம் மென்மையான உலோகமாம். கத்தியால் வெட்டலாமாம். வெட்டிய இடம் வெள்ளி போல மின்னுமாம். காற்றுப் பட்டால் மங்கிவிடும் என்பதால் மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைப்பார்களாம். நீருடன் தீவிரமாக வினைபுரியும் என்று படித்துவிட்டு அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அந்தத் 'தீவிரமாக' என்கிற சொல்லுக்குள் உங்கள் பெரியப்பாவின் வலது கண் கிடக்கிறது. இன்னொரு மனிதரின் வலது கையும் கிடக்கிறது.

பெரியப்பாவுக்குக் கண் எப்படிப் போனது என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் ஒரு டிரம் வெடித்தது என்று சொல்லி முடித்துவிடுவேன். அது பொய் இல்லை, பாதி. மீதியை இப்போது எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் சின்னவள் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் நடந்ததை மாற்ற வேண்டாம்.

அவரை நாங்கள் கேஸ்காரர் என்றுதான் சொல்வோம். அருப்புக்கோட்டை டவுன் முடிந்து திருச்சுழி ரோடு தொடங்குகிற இடத்தில் தகரக் கொட்டகை போட்டு கேஸ் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். வண்டி அச்சு, சைக்கிள் பார், சாயப்பட்டறை அண்டா, எது விட்டுப்போனாலும் அவரிடம்தான் வரும். எந்த ஊர்க்காரர், என்ன பேர் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மனிதனின் மணிக்கட்டை உடைத்தேன், அவன் பேரைத் தெரிந்துகொள்ளவில்லை. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஒல்லியான ஆள். கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் தோல் வெந்து ஆறி, மழமழவென்று பளபளக்கும். இடது புருவம் கிடையாது. கிட்டப் போனால் மண்ணெண்ணெய் வாடை. பேச்சு மிகவும் குறைவு. அடி அதிகம். அவரைப் பற்றி இரண்டு வார்த்தையில் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். வாய் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் கை பேசிவிடும். சைக்கிளை இப்படிப் பிடி என்று சொல்ல மாட்டார், பிடித்திருக்கிற கையில் ஒன்று போடுவார். தள்ளி நில் என்று சொல்ல மாட்டார், தள்ளுவார். அடித்துவிட்டுக் காரணம் சொல்வாரா என்றால் அதுவும் இல்லை. வேலையைப் பார்க்கப் போய்விடுவார். வேலை சுத்தம் என்பதால் ஆட்கள் அடியையும் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

கொட்டகை வாசலில் பாதியாக அறுத்த ஒரு டிரம் இருக்கும். அதில் விளிம்பு வரைக்கும் மணல். மேலே ஒரு சாக்கு. அந்த மணலை வாரத்துக்கு ஒரு தடவை தகரத்தில் பரப்பி வெயிலில் காய வைப்பார். இரண்டு வருஷமாக மழையே இல்லாத ஊரில் மணலைக் காய வைக்கிற ஆளைப் பார்த்து சிரிக்காதவர் இல்லை.

ஒரு நாள் நான் வண்டி அச்சுக்காக அங்கே காத்திருந்தபோது ஒரு பெரிய பண்ணையின் கணக்குப்பிள்ளை வந்தார். ஆள் வாட்டசாட்டம், வாய் நிறைய வெற்றிலை. எங்கே துப்புவது என்று சுற்றிப் பார்த்தவர் சாக்கை விலக்கி மணலில் துப்பிவிட்டார். கேஸ்காரர் எழுந்து வந்து கன்னத்தில் ஒரு அறை விட்டார். வெற்றிலைச் சாறு கணக்குப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

"மணலுக்காய்யா அடிக்கிற? மணலுக்கா?" என்று அவர் கத்தினார்.

கேஸ்காரர் எச்சில் பட்ட இடத்தை மட்டும் மண்வெட்டியால் வழித்து ரோட்டில் எறிந்தார்.

மறுநாள் பண்ணையிலிருந்து நாலு பேர் வந்து அவரைப் போட்டுப் புரட்டி எடுத்தார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி, குத்தவைத்து மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்த மணல்ல அப்படி என்னதான் இருக்கு?" என்றேன்.

"ஈரம் இல்ல" என்றார். அவ்வளவுதான்.

இன்னொரு தடவை ரோட்டில் ஒரு கல்யாண ஊர்வலம் போனது. பெண்ணின் தாய்மாமன் உற்சாகத்தில் இருந்தார். கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துக்கொண்டே வந்தவர், கொட்டகைக்குள்ளும் நுழைந்து சொம்பை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து கேஸ்காரர் கார்பைடுக் கல் இருக்கிற தகர டின்னைத் திறந்து வைத்திருந்தார். அந்தக் கல்லில் தண்ணீர் பட்டால் கேஸ் கிளம்பும், அதை வைத்துத்தான் வெல்டிங். பன்னீர்ச் சொம்பு ஒரு பக்கம் பறந்தது, தாய்மாமன் ஒரு பக்கம் விழுந்தார். மேளம் நின்றுவிட்டது.

"ஏலே, பன்னீரு தெளிச்சா அடிக்கிற சாதி எந்த ஊர்ல இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே பத்துப் பேர் உள்ளே பாய்ந்தார்கள். அன்றைக்கும் அவர் அடி வாங்கினார். அன்றைக்கும் விளக்கம் சொல்லவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் அவரை நல்லவராகக் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் பெண்சாதி ஒரு நாள் காலையில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள் திரும்பி வரவில்லை. அடுப்பில் பால் பொங்கினால்கூட அவள் தோளில்தான் கை விழும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவள் போனது நியாயம். பெரியவனே, உனக்குக் கல்யாணம் பேசுகிற வயது வந்துகொண்டிருக்கிறது. இதை இரண்டு தடவை படி.

இனி டிரம் கதைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் எங்கள் ஊர்க் கிணறு எல்லாம் வறண்டு, குடிதண்ணீருக்கு நாலு மைல் மாட்டுவண்டி போனது. குடத்தில் அள்ளி மாளவில்லை. பெரியப்பா, அதாவது என் அண்ணன், ஒரு புரோக்கர் மூலம் எட்டு இரும்பு டிரம் பிடித்தார். மூடிக்கிடந்த ஏதோ ஒரு கம்பெனியின் சாமான்களோடு ஏலத்தில் வந்தவை. வாய் அறுத்துக் கைப்பிடி வைக்க எட்டையும் கேஸ்காரரிடம் இறக்கினோம்.

எந்த டிரம்மையும் தொடுவதற்கு முன்னால் அதை ஒரு குச்சியால் மேலிருந்து கீழாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பது அவர் வழக்கம். ஏழு டிரம் கோயில் மணி மாதிரி சத்தம் கொடுத்தது. எட்டாவது, நடுப்பகுதி வரைக்கும் சத்தம், அடியில் ஊமை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். மூடியின் வளையத்தைக் கழற்றித் திறந்தார். மண்ணெண்ணெய் நெடி வந்தது. கத்தியை உள்ளே விட்டு எதையோ கீறினார். அவர் தோளுக்கு மேலாக நான் எட்டிப் பார்த்தேன்.

அடியில் ஒரு ஓரமாக, அழுக்கு வெள்ளையில் சவுக்காரக் கட்டி மாதிரி ஏதோ உறைந்து கிடந்தது. கத்தி கீறிய கோடு மட்டும், பிள்ளைகளா, புதுக் கொலுசு மாதிரி மின்னியது. நான் கண்ணைச் சிமிட்டிப் பார்ப்பதற்குள் கோடு மங்கத் தொடங்கிவிட்டது. அவர் படக்கென்று மூடியைப் போட்டு இறுக்கினார். என் தலையில் ஒரு குட்டு.

"இது ஆகாது. இதைத் தொடக் கூடாது" என்றார். சுண்ணாம்புக் கட்டியால் டிரம்மின் மேல் பெருக்கல் குறி போட்டு மூலையில் உருட்டிவைத்தார்.

ஏன் ஆகாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அண்ணே, அந்த எட்டாவது டிரம்முல ஏதோ வெள்ளி மாதிரி மின்னுச்சுண்ணே. என்னயப் பாக்க விடாம மூடிப்புட்டாரு" என்று நான்தான் சொன்னேன்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்படியா சங்கதி. எட்டுலயும் கனமான தகடு அதுதாண்டா. ஆகாதுன்னு சொல்லி அமுக்கப் பாக்குறானா?"

மறுநாள் கேஸ்காரர் எங்கோ வெளிவேலைக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணனும் நானும் வண்டியைக் கொண்டுபோய் எட்டு டிரம்மையும் ஏற்றி வந்துவிட்டோம். தெருவே கூடியது. அண்ணன் ஸ்பேனர் வைத்து எட்டாவதின் மூடியைக் கழற்றி, கடப்பாரையால் உள்ளே குத்திப் பார்த்தார். மெழுகு மாதிரி இறங்கியது.

"வெள்ளியும் இல்ல, ஒரு வெங்காயமும் இல்ல. காஸ்டிக் சோடா இறுகிப் போயிக் கிடக்கு" என்றார்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. அருப்புக்கோட்டையைச் சுற்றிச் சாயப்பட்டறைகள். பட்டறைக்கு காஸ்டிக் சோடா வருகிற டிரம்மை வாங்கி, நாலு தண்ணீர் விட்டு ஊறவைத்து அலசினால் அடியில் இருக்கிறது கரைந்து போய்விடும். பிறகு குடிதண்ணீருக்கே புழங்குவோம். எத்தனையோ வீட்டில் அப்படி டிரம் இருந்தது. இந்தக் கட்டியைப் பார்த்ததும் எல்லோருக்கும் அதுதான் தோன்றியது. மண்ணெண்ணெய் வாடை ஏன் வருகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

தண்ணீருக்கென்று வந்த புது டிரம்மில் முதல் குடத்தைப் பிள்ளைத்தாய்ச்சி ஊற்றினால் அது வற்றாது என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. உங்கள் பெரியம்மா, அதாவது என் மதினி, டிரம்முக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். "வா தாயி, நீதான் மொதக் குடம்" என்று உங்கள் அம்மாவைக் கூப்பிட்டார். அவளுக்கு அப்போது ஆறு மாதம். பெரியவனே, உன்னைத்தான் சொல்கிறேன்.

அவள் நிறைகுடத்தை இடுப்பிலிருந்து எடுத்து டிரம் விளிம்பில் சாய்க்கப் போனாள்.

சைக்கிள் ஒன்று ஆளில்லாமல் கடகடவென்று உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. ஓட்டி வந்தவர் அதிலிருந்து குதித்துக் கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டார். கேஸ்காரர். குடத்தை எட்டி உதைத்தார். அது தெறித்துப் போனது. அதே வேகத்தில் உங்கள் அம்மாவின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். அவள் மல்லாக்க மண்ணில் விழுந்தாள்.

மதினி அலறினார். "பிள்ளத்தாச்சியப் போட்டு உதைக்கிறானே! ஆம்பளைக இருக்கீகளா செத்துப் போனீகளா?"

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. தெரு முழுக்க அவர் மேல் விழுந்தது. கல், செருப்பு, விறகு. அவர் எதையோ கத்தினார். கத்துகிற வாயிலேயே யாரோ மிதித்தார்கள். நான் வண்டியின் பக்கவாட்டில் செருகுகிற கம்பை உருவினேன். அவர் எங்களைத் தடுக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். அடியைத் தடுக்கத் தூக்க வேண்டிய வலது கையால் டிரம் மூடியைத் தேடித் தரையில் துழாவிக்கொண்டிருந்தார். அந்தக் கை மூடியைப் பிடித்தபோது நான் மணிக்கட்டில் அடித்தேன். ஒரே அடி. காய்ந்த கம்மந்தட்டை ஒடிகிற சத்தம். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

அண்ணன் ஒரு குடத்தைத் தூக்கினார். "ஏய், உன் டிரம்மாடா இது? நான் ஊத்துறேன், எவன் தடுக்கிறான்னு பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே சாய்த்தார்.

குடம் பாதி கூடச் சாயவில்லை.

முதலில் 'சொய்ங்' என்று ஒரு இரைச்சல். பெரிய தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. அதைத் தொடர்ந்து ஒரு இடி. டிரம் ஒரு முழம் எழும்பி விழுந்தது. உள்ளிருந்து மஞ்சள் நெருப்பு பனைமரம் மாதிரி எழுந்தது. அந்த மஞ்சளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விறகுத் தீயில் வராத மஞ்சள். கூடவே வெள்ளைப் புகை. மூக்கிலும் தொண்டையிலும் மிளகாயை அரைத்துத் தேய்த்த மாதிரி காந்தியது. அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டார். அவர் தோளில் ஒட்டியிருந்த துணுக்குகள் வியர்வை பட்டுப் புகைந்து வெடித்துக்கொண்டிருந்தன.

நெருப்பைக் கண்டால் மனிதன் என்ன செய்வான்? தண்ணீருக்கு ஓடுவான். தெருவே ஓடியது. நாலு மைல் போய்ச் சுமந்து வந்த தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு டிரம்மைப் பார்த்து ஓடி வந்தது.

கேஸ்காரர் எழுந்தார். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. வலது கை தொங்கியது. டிரம்முக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றார். முதலில் வந்தவனை வயிற்றில் உதைத்தார். இரண்டாவதாக வந்தவரைத் தலையால் முட்டினார். "மணலு! காஞ்ச மணலு! தண்ணி பட்டா எல்லாரும் செத்தீக!" என்று கத்தினார். உடைந்த பல்லோடு பேசியது யார் காதிலும் சரியாக ஏறவில்லை.

ஆனால் எனக்கு ஏறியது. வாசலில் இருந்த அந்தப் பாதி டிரம் கண் முன்னால் வந்தது. மின்னி மங்கிய அந்தக் கோடு வந்தது.

என் சித்தப்பா பெரிய அண்டாவோடு ஓடி வந்தார். "சித்தப்பா, நில்லுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். நில் என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொல்வதற்குள் அண்டா கவிழ்ந்துவிடும். கையில் இருந்த கம்பால் அவர் முழங்கையில் அடித்தேன். அப்பா ஸ்தானத்தில் இருந்தவரை. அண்டா தெருவில் கொட்டியது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அடுத்து வந்த மச்சானை அடித்தேன். அடுத்து வந்த குடத்தை உடைத்தேன். கேஸ்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எங்கள் சொந்த சனத்தை அடித்து விரட்டிக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் ஒரு காரணமும் சொல்லவில்லை.

அந்த அமளியில் முதலில் சொன்னதைச் செய்தது உங்கள் அம்மா. விழுந்த இடத்திலிருந்து எழுந்து, பக்கத்து ஓடைக்குப் போய், முந்தானை நிறைய மணலை அள்ளிக்கொண்டு வந்தாள். ஓடையில் தண்ணீர் ஓடி இரண்டு வருஷம். மணல் வறுத்த மாதிரி கிடந்தது. அவள் கொட்டியதைப் பார்த்துப் பெண்கள் எல்லோரும் ஓடினார்கள். முறம், கூடை, சேலை. அடுத்த நடையில் அவள் கல்லுப்புப் பானையையே தூக்கி வந்தாள். கேஸ்காரர் தலையை ஆட்டினார், "போடு தாயி, உப்பும் ஆகும்." சமைக்கிற உப்புக்குள்ளேயே இந்த உலோகம் அடங்கிக் கிடக்கிறது என்று சின்னவள் புத்தகம் சொல்கிறது. நான் கண்ணால் பார்த்ததற்கு அது சரியாகத்தான் படுகிறது. அன்றைக்கு அதை அதுதான் அடக்கியது.

பிறகு உங்கள் அம்மாவிடம் கேட்டேன், உன்னைத் தள்ளிவிட்ட ஆள் சொன்னதை நீ எப்படிக் கேட்டாய் என்று. "தள்ளுனப்ப அவரு மூஞ்சியப் பாத்தேன். கோவமே இல்ல. பயந்து போயிருந்தாரு" என்றாள். நாங்கள் ஒருவரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

நெருப்பு மணலுக்கடியில் அமுங்கியதும் கேஸ்காரர் அண்ணனிடம் போனார். இடது கையால் தன் வேட்டியைக் கிழித்து, காய்ந்த துணியால் தோளில் ஒட்டியிருந்த துணுக்குகளை வழித்து எடுத்தார். தன் விரல் வெந்ததைப் பொருட்படுத்தவில்லை. எல்லாம் எடுத்து முடித்ததும் திரும்பிக் கத்தினார்.

"இப்ப ஊத்துங்க! ஊர்ல இருக்கிற தண்ணி பூராத்தையும் இவர் மேல ஊத்துங்க. கண்ணுல ஊத்துங்க!"

சித்தப்பா முழங்கையைப் பிடித்துக்கொண்டு திகைத்தார். "இம்புட்டு நேரம் தண்ணிக்குத்தானேய்யா எங்களை அடிச்சுக் கொன்ன?"

"அது வேற, இது வேற. உலோகத்தை எடுத்தாச்சு. இப்பத் தோல்ல இருக்கிறது காரம். ஊத்தாம விட்டா எலும்பு வரைக்கும் தின்னும்."

எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு வீட்டிலும் குடிக்கச் சொட்டு மிஞ்சவில்லை. ஒவ்வொரு குடமாக, அரை மணி நேரம், அண்ணன் மேல் ஊற்றினோம். தோள் பிழைத்தது. இடது கண் பிழைத்தது. வலது கண்ணை மதுரையில் எடுத்துவிட்டார்கள்.

பதினைந்து நாள் கழித்து நான் கொட்டகைக்குப் போனேன். கேஸ்காரரின் மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. வெல்டிங் குழாயைப் பிடித்துத் திருகு திறக்க அந்தக் கை இனி ஆகாது.

"மணிக்கட்டுக்கு வந்தியா, கண்ணுக்கு வந்தியா?" என்றார்.

"ரெண்டுக்கும் அண்ணாச்சி. உள்ள வெள்ளி மின்னுதுன்னு எங்க அண்ணங்கிட்டச் சொன்னது நான்தான்."

அவர் எழுந்து வந்து இடது கையால் என் கன்னத்தில் ஒரு அறை விட்டார். பாதி கன்னத்திலும் பாதி காதிலும் விழுந்தது. கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இடது கை. சரியா விழல. பழகணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் தொடர்ச்சியாகப் பேசிக் கேட்டேன்.

"முன்ன ஒரு கம்பெனியில இந்த உலோகத்துலதான் வேலை. கூட வேலை பாத்த ஒரு அண்ணன் தெரியாம வாளித் தண்ணியத் தூக்கிட்டாரு. நான் பத்தடி தூரத்துல நின்னேன். ஓடிப் போயித் தட்டி விட்டிருக்கலாம். மரியாதையா வாயால சொன்னேன். 'அண்ணே, தண்ணி ஊத்தாதீக.' மூணே வார்த்தை. மூணாவது வார்த்தைக்கு அங்க ஆள் இல்ல." நெஞ்சுத் தழும்பைத் தடவிக்கொண்டார். "அன்னையில இருந்து வாயை நம்புறதில்ல."

"அன்னைக்கு எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. நேரம் இருந்துச்சே."

"இருந்துச்சு" என்றார். "அடிச்சே பழகிருச்சு. நேரம் இருக்கிற இடத்துலயும் வாய் வரல. அந்தக் கண்ணுல எனக்கும் பங்கு இருக்கு." பிறகு, "அந்தப் பிள்ளத்தாச்சி நல்லாருக்கா?" என்று கேட்டார்.

"நல்லாருக்கா அண்ணாச்சி."

"தள்ளுனது வலிச்சிருக்கும். சொல்லிரு."

என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. நான் வீட்டில் வந்து சொன்னபோது உங்கள் அம்மா அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டுமோ அப்படி எடுத்துக்கொண்டாள்.

பெரியவன் பிறந்த செய்தியோடு நான் போனபோது கொட்டகை பூட்டிக் கிடந்தது. சிலிண்டரையும் சாமான்களையும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று டிக்கெட் எடுத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. வாசலில் மணல் டிரம் மட்டும் அப்படியே இருந்தது. அதை எவர் விலைக்குக் கேட்பார்?

அதற்கு நாலாம் நாள் மத்தியானம் வானம் கறுத்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் மழை. தெருவில் ஆணும் பெண்ணும் நனைந்துகொண்டு நின்றார்கள். சித்தப்பா உடைந்து கூடிய முழங்கையோடு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணன் ஒரு கண் போன முகத்தை அப்படியே மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். மதினி வீட்டிலிருந்த அண்டா குண்டா எல்லாவற்றையும் கூரையின் இறவாணத்தடியில் பரப்பினார். அந்த ஏழு டிரம்களும் சத்தத்தோடு நிறைந்துகொண்டிருந்தன.

நான் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன். திருச்சுழி ரோட்டில் எதிர்மழையில் மிதித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சாக்கு மேலே ஈரம் ஏறத் தொடங்கியிருந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். அடியில் மணல் இன்னும் சூடாக, காய்ந்து கிடந்தது. டிரம்மைக் கட்டிப் பிடித்து இழுத்துக் கூரைக்கடியில் சுவரோடு சேர்த்தேன். பக்கத்தில் கிடந்த தகரத்தை எடுத்து மேலே போட்டு மூடி, காற்றுக்குப் பறக்காமல் இரண்டு கல் வைத்தேன். பிறகு வெளியே வந்து, ரோட்டோரத்தில், மழை விடும்வரைக்கும் நனைந்துகொண்டு நின்றேன்.